மறதியும் அசட்டையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு 46 வயது. ஒன்பது ஆண்டுகளாக லூபஸ், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய். மூட்டுவலியோடும் களைப்போடும் ஒருவழியாகப் பழகிவிட்டேன். இந்த மறதியோடு பழக முடியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவிவிடுகிறது. போன மாதம் 'சாவி' என்ற சொல் வராமல், "அதுதான், கதவைத் திறப்பது" என்று கையைத் திருகிக் காட்டினேன். என் மகள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அவள் சிரித்தது வலிக்கவில்லை, நிறுத்தியதுதான் வலித்தது.

லூபஸுக்காக வாரம் ஒரு முறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று இரண்டு முறை குழம்பி நின்றிருக்கிறேன். மருத்துவரிடம் சொன்னேன். முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு பரிசோதனை வைத்தார். 28 எடுத்தேன். "நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று அனுப்பிவிட்டார். என் கணவர் கெட்டவர் அல்லர். ஆனால் அன்று இரவு, "உனக்கு வேண்டியதெல்லாம் நன்றாகத்தான் நினைவிருக்கிறது" என்றார். பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள்கள் இன்னும் அப்படியே வருகின்றன. நேற்று அவர் சொன்னது வருவதில்லை. அவர் சொல்வது நியாயம்தானோ என்று எனக்கே தோன்றுகிறது.

இது முதுமையில் வரும் மறதிநோயின் தொடக்கமா? உங்களுக்கு ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பெங்கும் வலிக்கும் நோய், என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் தலையை வைத்துக்கொண்டு எப்படி எழுதுகிறீர்கள்? இன்னொன்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். இப்போது அது நினைவுக்கு வரவில்லை.

ம.

அன்புள்ள ம.,

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் சற்றுக் காத்திருக்கலாம். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. அதைத் தவறுதலாக நாள்தோறும் விழுங்கி, எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இறந்தவர்கள் உண்டு. எனவே போட்டேனா என்ற சந்தேகம் வந்தால் போடாதீர்கள். மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கிழமை எழுதிய அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி, உங்கள் மனம் தெளிவாக இருக்கும் ஒரு வேளையில் வாரத்துக்கானதை நிரப்பிவையுங்கள். அறை காலி என்றால் போட்டாயிற்று. எந்தக் கிழமை என்பது மகளுக்கும் தெரிந்திருக்கட்டும். செல்பேசியில் மணி வைப்பதானால் எதற்கான மணி என்பதையும் எழுதிவையுங்கள். நான் முதலில் வெறும் மணியை மட்டும் வைத்திருந்தேன். அது தவறாமல் அடிக்கும். எதற்கு அடிக்கிறது என்று யோசித்தபடி அதை அணைப்பேன்.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அதே வாக்கியத்தை நானும் கேட்டிருக்கிறேன், வேறொரு வாயிலிருந்து.

பழந்தமிழில் பொச்சாப்பு என்றொரு சொல் உண்டு. வெறும் மறதி அல்ல, அசட்டையால் வரும் மறதி. மகிழ்ச்சியின் மிதப்பில், 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற அலட்சியத்தில், செய்ய வேண்டியதைக் கைவிடுவது. ஆக, மறந்தவரின் குணத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிற சொல் அது. சொல் வழக்கொழிந்துவிட்டது, தீர்ப்பு ஒழியவில்லை. நாம் எதை மறந்தாலும் சுற்றியிருப்பவர்கள் முதலில் எடுப்பது அந்தத் தராசைத்தான். பிறந்தநாளை மறந்தால் பாசம் இல்லை, சொன்ன வேலையை மறந்தால் பொறுப்பு இல்லை, சொன்ன கதையையே திரும்பச் சொன்னால் எதிரில் இருப்பவரைக் கவனிக்கவே இல்லை. கொடுமை என்னவென்றால் கொஞ்ச நாளில் நாமும் அந்தத் தராசிலேயே ஏறி நின்றுகொள்கிறோம். 'நியாயம்தானோ' என்று எழுதியிருக்கிறீர்களே, அது அங்கே நின்றபடி எழுதிய வரி.

செய்யுள் வருகிறது, நேற்றுச் சொன்னது வரவில்லை என்பதை எடுத்துக்கொள்வோம். செய்யுளை நீங்கள் மனப்பாடம் செய்தது நோய் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பு. நூறு முறை சொல்லி, அடி வாங்கியோ பாராட்டு வாங்கியோ உள்ளே பதிந்தது. நேற்று அவர் சொன்னது பதியவே இல்லாமல் போயிருக்கலாம். ஒன்று நினைவில் தங்க வேண்டுமானால் முதலில் அது கவனத்தின் வாசலைக் கடக்க வேண்டும். வலியும் தூக்கமின்மையும் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சொன்னது காதுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். உள்ளே வராத ஒன்றை மறக்கவும் முடியாது.

ஒரே நேரத்தில் மனத்தில் எத்தனை உருப்படிகளைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியும் என்பது உளவியலில் பழைய கேள்வி. ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்றார். நெல்சன் கோவன் 2001இல் அதை ஏறத்தாழ நான்காகக் குறைத்தார். என்னுடைய மோசமான நாள்களில் ஒன்றரை. ஒருவர் பேசத் தொடங்கும்போது என் கையில் ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தால் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

சாவி விஷயம் வேறு. அந்தச் சொல் உள்ளே பத்திரமாக இருக்கிறது. எடுக்கத்தான் முடியவில்லை. எண்டெல் டல்விங் என்ற உளவியலாளர் 1966இல் உடன் ஆய்வாளர் ஒருவரோடு ஒரு சோதனையை வெளியிட்டார். வகைவகையாகத் தொகுத்த சொற்பட்டியலை மாணவர்களுக்குக் கொடுத்துப் பிறகு நினைவுகூரச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு வெறும் தாள். மற்றவர்களுக்கு விலங்கு, ஆயுதம் என்பதுபோல வகைப் பெயர்கள் எழுதிய தாள். வகைப் பெயர் கிடைத்தவர்கள் கணிசமாக அதிகச் சொற்களை எழுதினார்கள். இருப்பது ஒன்று, எட்டுவது வேறொன்று என்பதை அவ்வளவு எளிமையாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

இதை உங்கள் வீட்டில் நடைமுறைப்படுத்தலாம். "நேற்று நான் என்ன சொன்னேன், சொல் பார்ப்போம்" என்பது தேர்வு. "வண்டி பழுது பற்றிப் பேசினோமே" என்பது கைப்பிடி. கணவரிடம் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: தேர்வு வைக்காமல் கைப்பிடி கொடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அது பதியாமல் போனது, இன்னொரு முறை சொன்னால் தீர்ந்தது. அவர் கெட்டவர் அல்லர் என்று முன்கூட்டியே வாதாடியிருக்கிறீர்கள். நம்புகிறேன். கெட்டவராக இல்லாதவர்களுக்குத்தான் இதையெல்லாம் விளக்கிச் சொல்வதில் பயன்.

உங்கள் மருத்துவர் வைத்தது எந்தப் பரிசோதனை என்று எழுதவில்லை. 2005இல் வெளியான மான்ட்ரியல் பரிசோதனையாக இருந்தால், 26 அல்லது அதற்கு மேல் எடுத்தால் இயல்பு என்பது கணக்கு. கடிகாரம் வரைவது, ஐந்து சொற்களைச் சில நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்வது என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதியவர்களின் நினைவுச் சரிவைத் தொடக்கத்திலேயே பிடிக்க உருவாக்கப்பட்டது, அந்த வேலைக்கு நல்ல கருவி. அமைதியான அறையில், எதிரில் ஒருவர் நம்மையே பார்த்துக்கொண்டிருக்க, பத்து நிமிடம் நம்மால் எதையும் பிடித்துவைக்க முடியும். நமக்குச் சரிவது நாற்பதாவது நிமிடத்தில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, சரியாகத் தூங்காத மறுநாள் மாலையில். 28 எடுத்தது பொய்யில்லை. உங்கள் குறை பொய் என்று அதற்குப் பொருளுமில்லை. இன்னும் தெரிந்தாக வேண்டுமென்றால், சில மணி நேரம் எடுத்து வேகத்தையும் கவனத்தையும் தனித்தனியே அளக்கும் நரம்பியல் உளவியல் மதிப்பீடு இருக்கிறது, கேளுங்கள்.

இதற்கு மருத்துவத்தில் இடமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். லூபஸில் வரும் நரம்பு, மனம் சார்ந்த சிக்கல்கள் என்று அமெரிக்க வாதவியல் கல்லூரி 1999இல் 19 வகைகளை வரையறுத்தது. அறிதிறன் குறைவு, அதாவது நினைவும் கவனமும் தடுமாறுவது, அவற்றில் ஒன்று. என் நோயில் இன்னும் தாமதம். 1990இல் வகுத்த அளவுகோலின்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்ப்பார்கள். பரவலான வலியோடு 11 இடங்களிலாவது நொந்தால் ஃபைப்ரோமயால்ஜியா. மறதிக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. 2010இல்தான் அதையும் கணக்கில் சேர்த்தார்கள். அந்த இருபது ஆண்டுகளில் எத்தனை பேர் தங்களையே பொச்சாப்பு என்று திட்டிக்கொண்டார்களோ.

முதுமை மறதியா என்ற கேள்விக்கு உங்களைப் பார்க்காமல் நான் பதில் சொல்லக் கூடாது. எழுதியிருப்பதை வைத்து இவ்வளவு சொல்லலாம். மறந்ததை முதலில் கவனிப்பவர் நீங்கள்தான். உங்களுடையது ஏறி இறங்குகிறதா, ஒரு குறிப்புக் கிடைத்தால் நினைவு வருகிறதா என்று பாருங்கள். அல்சைமர் போன்ற நோய்களில் பெரும்பாலும் குறிப்புக் கொடுத்தாலும் வராது, கவலைப்படுவது நோயாளியைவிட வீட்டார்தான். ஆனால் குழப்பம் திடீரென்று வந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் பலமிழந்தாலோ, காய்ச்சலோடு மயக்கமாக இருந்தாலோ, இந்தக் கட்டுரையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். லூபஸ் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து அதிகம். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, எல்லாப் பழியையும் லூபஸ் மேல் போட்டுவிடாதீர்கள். தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மனச்சோர்வு எல்லாமே நினைவை மங்கச் செய்பவை, சரிசெய்யக் கூடியவை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போடுகிறீர்கள் என்றால் அதற்கும் பங்கு இருக்கலாம். (பயந்துபோய் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து.) என் கதையில் பாதிக் குற்றவாளி மாத்திரைதான். வலிக்கும் தூக்கத்துக்குமாக அமிட்ரிப்டிலின் போட்டுக்கொண்டிருந்தேன். தும்மலுக்கு நானாகவே குளோர்பெனிரமின் சேர்த்துக்கொண்டேன். நினைவுக்கு மூளை நம்பியிருக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை இரண்டுமே தடுப்பவை. வலி மருந்து கொடுத்த மருத்துவருக்குத் தும்மல் மாத்திரை தெரியாது, நான் சொல்லவுமில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஒருநாள் விழுங்குவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் கொட்டினேன். தும்மல் மாத்திரையை நிறுத்தி மற்றதன் அளவைக் குறைத்தபின் பாதி விலகியது. மீதி நோயினுடையது, இன்னும் இருக்கிறது.

அந்த மீதிக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம். பிரெயின் ஃபாக் என்பதை மூளை மூடுபனி என்று எழுதுகிறார்கள். மூடுபனியில் எல்லாம் ஒரே சீராக மங்கும். எனக்கு அப்படி நடப்பதில்லை. ஒன்று பளிச்சென்று தெரியும், அதற்குப் பக்கத்தில் இருந்தது இருக்காது. மந்தாரம் என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. மேகம் கவிந்த வானம். என் கண்ணுக்கு அதில் வெயில் இருந்துகொண்டே இருக்கும், மேகம் நகர நகர இடம் மாறும். மப்பும் மந்தாரமும் என்று சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். மப்பு இப்போது வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் மந்தாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எப்படி எழுதுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். மெதுவாக, இரண்டு முறை. பெருமைக்குச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையின் தொடக்கப் பத்தியை எழுதி முடித்த நிறைவோடு படுத்தேன். மறுநாள் காலை புதிதாக ஒன்று தோன்றியது, உற்சாகமாக எழுதினேன். கோப்பைச் சேமிக்கும்போதுதான் முந்தைய நாளினுடையது கண்ணில் பட்டது. இரண்டும் ஒன்றே. அதே உவமை, அதே இடத்தில் அதே கேள்வி. 'மெல்ல' என்பது 'மெதுவாக' என்று மாறியிருந்தது, அவ்வளவுதான். அன்று முழுக்க எதுவும் எழுதவில்லை. நோய் எவ்வளவோ எடுத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒரு சிந்தனை முதன்முதலாகத் தோன்றும் அந்த மகிழ்ச்சியே போலியாகிவிட்டதே என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து வேறு விதமாகவும் தோன்றியது. அந்தப் பத்தியை எழுதிய ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார், கேட்டால் அதையே திரும்பத் தருகிறார். எது ஆறுதல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அதற்குப் பிறகு எழுதி நிறுத்தும் இடத்தில் ஒரு வரி போட்டுவைக்கிறேன்: 'சொல்லிவிட்டது இது, இனிச் சொல்ல வேண்டியது இது.' குறிப்பேடு ஒன்றுதான். ஒரு காலத்தில் ஏழு வைத்திருந்தேன், எதில் எழுதினேன் என்று தேடுவதே தனி வேலையாகிப்போனது. கதவைப் பூட்டும்போது "பூட்டிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். முக்கியமான பேச்சை என் தெளிவான வேளைக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கிறேன், அது காலை பத்திலிருந்து பன்னிரண்டு. உங்களுக்கு எது என்று இரண்டு வாரம் குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மகளிடம், சிரிப்பை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையைத் திருகிக் காட்டியது உண்மையிலேயே சிரிப்பான காட்சிதான். நீங்களும் சேர்ந்துகொண்டால் அவளுக்கும் இலேசாக இருக்கும்.

கேட்க நினைத்த அந்த இன்னொன்று நினைவுக்கு வரும்போது எழுதுங்கள். நடு இரவில் வந்தால் எழுந்து விளக்கைப் போட்டு ஒரு சொல்லாவது குறித்துவையுங்கள். காலைவரை அது இருக்கும் என்று உங்கள் மனம் உறுதி சொல்லும், நம்பாதீர்கள்.