கோட்டை வாசலில் இரண்டு மீன்கள்

வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் அம்மா, பிள்ளைகளோடு இரண்டு நாள் திருகோணமலை வருகிறோம். அனுராதபுரமும் பொலன்னறுவையும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ‘அங்கே போலப் பழையது ஒன்றும் திருகோணமலையில் மிஞ்சவில்லை, கோணேசர் கோயிலே புதிதாகக் கட்டியதுதான், கடலில் குளித்துவிட்டு வாருங்கள்’ என்கிறார்கள். அப்படித்தானா?

– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

அன்புள்ள சகோதரி,

கோயில் கட்டடம் புதியது என்பது சரி. 1963இல் குடமுழுக்குக் கண்டது. ஆனால் பழையது மிஞ்சவில்லை என்பதை நான் ஒப்பமாட்டேன். இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். போன இடங்களுக்கு நாமும் போக வேண்டும்.

1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அது ஒல்லாந்தர் கைக்குப் போய், அப்புறம் ஆங்கிலேயர் கைக்குப் போய், இன்று பிரெட்ரிக் கோட்டை. கோயில் இருக்கிற மலைக்கு ஏறுகிற எல்லோரும் அந்த வாசலால்தான் போகிறோம். நானும் சின்ன வயதிலிருந்து போய் வந்தவன்தான், நின்று பார்த்ததில்லை. ஒரு திருவெம்பாவைக் காலையில் மழை பிடித்துக்கொண்டது. வாசலுக்குள் ஒதுங்கினபோதுதான் கல்லில் இரண்டு மீன்களைக் கண்டேன். பாண்டியரின் சின்னமான இணைக்கயல். கூடவே தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று சொல்கிற பாட்டு அது, மிச்சம் சிதைந்துபோயிருக்கிறது. ஈரக்கையோடு அந்த மீன்களைத் தடவிக்கொண்டு நின்றேன். மழை விட்ட பிறகும் நகர மனம் வரவில்லை.

மற்றக் கற்கள் கடலுக்குள். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவரது சுழியோடி நண்பர் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடி, செதுக்கிய தூண்களைக் கண்டார்கள். அதற்குச் சில வருடம் முன்பு, கிணறு வெட்டின இடத்தில் மண்ணுக்குள் இருந்து சுவாமி விக்கிரகங்கள் வந்தன.

இரண்டாம் நாள் தம்பலகாமம் போங்கள். இடிபாட்டுக்குத் தப்பின மூர்த்தியை அங்கே எழுந்தருளச் செய்தார்கள் என்பது எங்கள் ஊர் வழக்கு. ஆதிகோணேசர் கோயில் என்று பெயர். சுற்றிலும் வயல். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல்கள்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளப் பிள்ளைகள் விரும்புவார்கள். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அப்பால் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கவும் பசுக்கள் விடவும் கொடுத்த தானங்களைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் எழுதிய தானம். பொலன்னறுவை பார்த்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விடுவது பெரிய குறை என்பேன்.

அம்மாவுக்கு மலையேற்றம் கஷ்டமென்றால் ஓட்டோ பிடியுங்கள். கோட்டை வாசலில் மட்டும் நிறுத்தச் சொல்லி, அவரையும் இறக்கிக் காட்டுங்கள்.