ரோபோ அறுவைக்குப் பின் அப்பா தண்ணீர் கேன் தூக்கலாமா?

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ரோபோ அறுவை முடிந்து ஆறு வாரம், தையல் ஆறிவிட்டது, 20 லிட்டர் கேன் தூக்கினால் அப்பாவுக்குக் குடலிறக்கம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குத் தூக்கவே வேண்டாம். வெளித்தழும்பு சின்னதுதான், பயம் உள்ளே இருக்கிறது. எடுத்த உணவுக்குழாய்க்குப் பதிலாக இரைப்பையைக் குழாயாக்கி நெஞ்சுக்குள் ஏற்றும்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளை பெரிதாகிவிடும். அதன் வழியே பெருங்குடல், பெரும்பாலும் இடப்பக்கமாக, மேலே ஏறலாம். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் உள்ளே ஒட்டுத்திசு நிறைய உண்டாகிக் குடலை ஓரளவு பிடித்து வைக்கும். ரோபோ அறுவை போன்ற சிறுதுளை அறுவையில் அது குறைவு. துளையைத் தைத்துச் சுருக்கினார்களா, இரைப்பைக் குழாயை அதன் ஓரத்தோடு தைத்தார்களா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். எப்போதிருந்து எடை தூக்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

மலச்சிக்கலுக்கும் விடாத இருமலுக்கும் உடனே மருந்து வாங்குங்கள், முக்கினாலும் இருமினாலும் வயிற்றழுத்தம் ஏறும். என் மாமா இருமல் வந்தாலே சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வார்.

அப்புறம், திடீர் நெஞ்சுவலி, மேல்வயிற்று வலி, வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் வாயு என்று சோடா கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில் இந்த அறுவை நடந்ததை முதலில் சொல்லி, சிடி ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். இந்தக் குடலிறக்கம் சில வருடம் கழித்தும் வரலாம்.