குட்டை யார் பெயரில்?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் மீனவர் குப்பம் எங்களுடையது. பெண்கள் சேர்ந்து சுயஉதவிக் குழு நடத்துகிறோம். கைவிட்ட இறால் குட்டை ஒன்று குத்தகைக்கு வருகிறது. குஞ்சும் தீவனமும் கடனாகத் தருகிறேன், இறாலை எனக்கே போட்டுவிடுங்கள் என்கிறார் ஒரு வியாபாரி. இறங்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: தொழிலுக்கு வாருங்கள் சகோதரி, அந்தக் கடன் மட்டும் வேண்டாம். இறால் வளர்ப்பில் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும். அது அவர் கையில் இருந்தால், விலையும் அவர் சொல்வதுதான். கிலோவுக்கு 40 நிற்கும் பெரிய இறாலை 50 கவுண்ட், அதாவது கிலோவுக்கு 50 நிற்கும் விலை குறைந்த சின்ன இறால் என்று எழுதினாலும் உங்களால் வாய் திறக்க முடியாது. சொந்தக் கரையிலேயே கூலிக்கு நிற்பீர்கள். இப்படி நின்றவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்தக் குட்டையை ஏன் விட்டார்கள் என்றும் விசாரியுங்கள். 90-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து நம் கடலோரத்தில் எத்தனையோ குட்டைகள் காலியாயின. 2009-க்குப் பிறகு வெனாமி என்ற வெளிநாட்டு இறால் வந்தது. நோய் அதையும் விடவில்லை. இறால் தீவனம் எடுக்காமல் கரையோரம் ஒதுங்கும். தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாளில் குட்டையே போய்விடும். இதற்கு மருந்து கிடையாது. நோய்க்கிருமி இல்லை என்று பிசிஆர் பரிசோதனையில் தெரிந்த குஞ்சுதான் முதல் காப்பு, அதுவும் முழுக் காப்பு அல்ல.

முதல் வருடம் கொடுவா மீன் குஞ்சு வளர்த்துப் பாருங்களேன். உப்பங்கழியில் ஹாப்பா என்ற பெட்டி போன்ற சிறுகண் வலை கட்டிப் பொடிக் குஞ்சை விட்டு, விரல் அளவு ஆனதும் பண்ணைக்காரர்களுக்கு விற்கலாம். பெரியது சின்னதைத் தின்றுவிடும், அதனால் அடிக்கடி தரம் பிரித்து வேறு வலையில் விட வேண்டும். மீன் பிரித்துப் பழகிய உங்கள் கைக்கு இது வரும். பயிற்சிக்குச் சென்னையில் உள்ள சிபா என்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேளுங்கள்.

இறால்தான் என்று முடிவெடுத்தால், குத்தகைப் பத்திரமும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவும் குழுவின் பெயரிலேயே இருக்கட்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வே எண்ணோடு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய், அந்த இடத்துக்குப் பதிவு கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.