குளிர்கால ஐரோப்பா: பெட்டி கட்டும் முன் சில கேள்விகள்

கேள்வி: என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஜனவரியில் ஸ்வீடனில் உள்ள உப்சாலாவுக்கு ஒரு செமஸ்டர் பரிமாற்ற மாணவியாகப் போகிறாள். சென்னையில் ஒரு கடையில் "மைனஸ் 30 டிகிரி தாங்கும்" என்று சொல்லி ஜாக்கெட், தெர்மல், பூட்ஸ், கையுறை எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு செட் காட்டினார்கள். வாங்கிவிடலாமா? (திருச்சி வாசகி)

பதில்: செட்டாக வாங்காதீர்கள்.

முதலில் அந்த மைனஸ் 30 கணக்கைப் பார்ப்போம். போட்டிருப்பவர் நடக்கிறாரா நிற்கிறாரா, காற்று அடிக்கிறதா, உள்ளே என்ன உடுத்தியிருக்கிறார் என்பதை வைத்துத்தான் ஒரு ஜாக்கெட் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று சொல்ல முடியும். இந்த எண்ணை எப்படி அளந்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. உப்சாலாவில் ஜனவரி சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரிதான். நடுநடுவே மைனஸ் 15, அதற்கும் கீழே போகும் நாட்கள் உண்டு. ஆனால் வகுப்பு, நூலகம், பஸ், விடுதி அறை எங்கும் ஹீட்டர் ஓடும், உள்ளே 20 டிகிரி இருக்கும். ஆகவே அவளுக்கு வேண்டியது அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்ற வசதியான உடை. தடியான ஒரே ஜாக்கெட்டுக்குள் கனமான ஸ்வெட்டர் போட்டுப் போனால் வகுப்பில் வியர்த்துக் கொட்டும், வெளியே வந்ததும் அந்த ஈரமே குளிரடிக்கும்.

இங்கே பெரும்பாலும் பருத்தி கலந்த தெர்மல்தான் விற்கிறார்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. உடம்பை ஒட்டிய அடுக்கு கம்பளியாக இருந்தால் நல்லது. மெரினோ கம்பளி விலை அதிகம், ஆனால் இரண்டு செட் போதும், தினமும் துவைக்கவும் வேண்டாம். கட்டுப்படியாகாவிட்டால் பாலியெஸ்டர் தெர்மல் வாங்குங்கள், பருத்தி வேண்டாம். அதன்மேல் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். ஜீன்ஸ் நனைந்தால் விறைத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

பூட்ஸை அங்கேயே வாங்கட்டும். கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பார்த்தால்தான் சரியாக அமையும், பெரும்பாலும் ஓர் அளவு பெரியதாக வாங்க வேண்டியிருக்கும். அந்த ஊரில் ஆளைத் தள்ளிவிடுவது பனியைவிட, உருகி மறுபடி உறைந்த ஐஸ்தான். செருப்பின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டையை அங்கே 'புரொட்டார்' என்பார்கள். நம் ஊர்க் கடைகளில் அதை நான் பார்த்ததில்லை. மூவாயிரம் ரூபாய் கையுறையைவிட அது உருப்படியான செலவு.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் தள்ளுபடி விற்பனை ஜனவரியிலும் நீளும், அவள் போய் இறங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். மிரோர்னா, ஸ்டாட்ஸ்மிஷனன், செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை நடத்தும் பழைய துணிக்கடைகளில் நல்ல குளிர்கால ஜாக்கெட் கிடைக்கும். முந்தைய செமஸ்டர் முடிந்து ஊர் திரும்பும் மாணவர்களும் அதே சமயத்தில் ஜாக்கெட், சைக்கிள், பாத்திரம் என்று விற்றுவிட்டுப் போவார்கள். இறங்கும் நாளுக்குப் போதுமான ஒரு ஜாக்கெட், தொப்பி, கையுறை, கம்பளித் தெர்மல் மட்டும் இங்கே வாங்குங்கள். அவற்றைக் கையில் எடுத்துப் போகட்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

கேள்வி: லுண்டில் படிக்கிறேன். கடையில் தள்ளுபடியில் ஒரு ஜாக்கெட் வாங்கினேன். ஒரு மாதத்தில் தோள் தையல் பிரிந்துவிட்டது. "சேல் பொருளைத் திருப்பி எடுப்பதில்லை" என்கிறார்கள். (மாணவர், ஸ்வீடன்)

பதில்: கடைக்காரர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார். பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவது கடையின் விருப்பம், சேலில் அதை மறுக்கலாம். ஆனால் பொருளில் குறை இருந்தால் நிலைமை வேறு, சரிசெய்தோ மாற்றியோ தரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தள்ளுபடி விலையில் வாங்கியதால் அந்த உரிமை போய்விடாது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் குறைந்தபட்சம் 2 ஆண்டு இந்தப் பாதுகாப்பு உண்டு. ஸ்வீடனில் 2022 முதல் நடப்பில் உள்ள சட்டம் அதை 3 ஆண்டாக்கியிருக்கிறது. முதல் 2 ஆண்டுக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்த குறை என்றே கருதப்படும். அப்படி இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். குறையைக் கண்ட இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சரிசெய்து தரச் சொல்லுங்கள் அல்லது மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மறுத்தால் ஸ்வீடன் அரசின் நுகர்வோர் அமைப்பான 'கொன்சுமென்ட்வெர்கெட்'டின் இலவச ஆலோசனைச் சேவையைக் கேளுங்கள். தனி ஆளிடம், உதாரணமாக ஊர் திரும்பும் மாணவரிடம் வாங்கிய பழைய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே ஜிப்பை இழுத்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். பழைய துணிக்கடையில் வாங்கியதற்குப் பொருந்தும். ஆன்லைனில் கடையிடம் வாங்கினால் காரணமே சொல்லாமல் 14 நாளில் திருப்பலாம்.

கேள்வி: மகன் பின்லாந்தின் தாம்பெரேயில் பரிமாற்றப் படிப்பு முடித்து, ஹெல்சிங்கியிலிருந்து வளைகுடா வழியாகச் சென்னை திரும்பினான். பனிப்பொழிவால் விமானம் ரத்தாகி மறுநாள்தான் வேறு விமானம் கிடைத்தது. ஓட்டல், சாப்பாடு எல்லாம் கைக்காசு. இப்போது ஒரு நிறுவனம், "600 யூரோ வாங்கித் தருகிறோம், 30 சதவீதம் எங்களுக்கு" என்று எழுதியிருக்கிறது. கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விமானப் பயணி விதிமுறை (எண் 261) ஐரோப்பிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும், எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் சரி. ஆக, உங்கள் மகனின் பயணம் இதற்குள் வருகிறது. போகும்போது இதே பிரச்சினை சென்னையில் நடந்திருந்தால், வளைகுடா நிறுவனத்தின் டிக்கெட்டுக்கு இந்த விதி உதவாது. ஐரோப்பிய நிறுவனத்தில் போயிருந்தால் உதவும். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்தோடு இதையும் பாருங்கள்.

3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ இழப்பீடு என்பது உண்மைதான். ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் என்றால் அது கிடையாது. விமான நிலையமே முடங்கும் பனிப்பொழிவு அப்படிப்பட்ட காரணம். அதே நேரத்தில் மற்ற விமானங்கள் போய்க்கொண்டிருந்தனவா என்று பாருங்கள். போயிருந்தால் உண்மையான காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

ஓட்டலும் சாப்பாடும் தனிக் கணக்கு. வானிலைதான் காரணம் என்றாலும், மாற்று விமானம் வரும்வரை சாப்பாடு, தங்குமிடம், ஓட்டலுக்குப் போய்வரும் வண்டி எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. அவர்கள் செய்து தராததால் மகன் நியாயமான செலவு செய்திருந்தால், ரசீதுகளை வைத்து அந்தத் தொகையைக் கேட்கலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள், அரை மணி நேர வேலை. மறுத்தால் பின்லாந்தின் நுகர்வோர் தகராறு வாரியத்திடம் போகலாம். இதற்கு முப்பது சதவீதம் கொடுப்பது வீண். சட்டச் சிக்கல் வந்தால் அப்புறம் யோசிக்கலாம்.

இதோடு சேர்த்து ஒன்று. பெட்டி வராமல் போனால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார்ச் சீட்டு வாங்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும். இந்தியாவும் ஏற்றுக்கொண்டுள்ள மாண்ட்ரியல் உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது.

கேள்வி: துருவ ஒளி பார்க்க நார்வேயின் ட்ரொம்சோவில் ஒரு பஸ் டூர் போனோம். 'ஒளி உத்தரவாதம்' என்று விளம்பரம். இரவு முழுக்க மேகம், ஒன்றும் தெரியவில்லை. பணத்தைக் கேட்டால், இன்னொரு நாள் பாதி விலையில் வாருங்கள் என்கிறார்கள். நாங்கள் மறுநாளே கிளம்பிவிட்டோம். (பரிமாற்ற மாணவிகள், ஹெல்சிங்கி)

பதில்: முன்பதிவின்போது நீங்கள் 'சரி' சொன்ன நிபந்தனைகளில் 'உத்தரவாதம்' என்றால் என்ன என்று இருக்கும், அதை எடுத்துப் பாருங்கள். "மறுபடி வரலாம்" என்று மட்டும் இருந்தால், பஸ் ஓடிவிட்ட பிறகு முழுப் பணத்தையும் கேட்பது கடினம். நான் சற்று முன்பு சொன்ன 14 நாள் விதியும் உதவாது, குறிப்பிட்ட தேதிக்கு வாங்கும் பொழுதுபோக்குச் சேவை, ஓட்டல், பயணச் சீட்டு ஆகியவற்றுக்கு அது கிடையாது. விளம்பரம் ஒன்று, நிபந்தனை வேறு என்றால், இரண்டின் படத்தையும் சேர்த்துப் பின்லாந்தில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு அனுப்புங்கள். வேறு நாட்டு வியாபாரியோடு வரும் தகராறுகளுக்காகவே உள்ள இலவச மையம் அது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் அந்த வலையமைப்பில் இருக்கிறது. பழைய கட்டுரைகளில் சொல்லும் ஒன்றியத்தின் ஆன்லைன் தகராறுத் தளத்தைத் தேட வேண்டாம், 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

இனிப் போகிறவர்களுக்கு: இருட்டும் மேகமில்லாத வானமும் இரண்டும் வேண்டும். ட்ரொம்சோ கடலோர ஊர், மேகம் சகஜம். ஸ்வீடனின் அபிஸ்கோ மலைகளின் மழை மறைவில் இருப்பதால் வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே இரவுக்கு டூர் வாங்குவது சூதாட்டம். மூன்று நான்கு இரவுகள் தங்கி, மேக நிலவரம் பார்த்து அன்றன்று முடிவு செய்வதே புத்திசாலித்தனம். கடைசி நேரம் வரை ரத்து செய்ய இடம் தரும் டூராகத் தேடுங்கள். வானத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை, ஊர் விளக்குகளைத் தாண்டி நடந்தாலே சில இரவுகளில் தெரியும்.

கேள்வி: ஐரோப்பாவில் ரயிலில் சுற்ற யூரெயில் பாஸ் வாங்குவதா, இன்டர்ரெயில் பாஸா? (உப்சாலா போகும் மாணவி)

பதில்: குடியிருப்பு அனுமதி அட்டை கிடைத்த பிறகு நீங்கள் ஐரோப்பாவில் வசிப்பவர், எனவே இன்டர்ரெயில். ஆனால் வசிக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸில் வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று என இரண்டு பயணங்கள்தான். அபிஸ்கோவுக்கு மட்டும் என்றால் பாஸ் வேண்டாம், இரவு ரயிலில் தனி டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், இளைஞர் கட்டணத்தையும் பாருங்கள். பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனிக் காசு. ட்ரொம்சோவுக்கு ரயிலே கிடையாது, நார்விக்கில் இறங்கிப் பஸ்.

கேள்வி: ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றினால் போதுமா?

பதில்: பின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் போதும். ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்றுக்கும் தனித்தனிக் குரோன். யூரோ கார்டைத் தேய்த்தால் வங்கி நாணய மாற்றுக் கட்டணம் எடுக்கும், எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். கடையிலோ ஏடிஎம்மிலோ திரை "ரூபாயில் கட்டவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள், ரூபாய்க் கணக்கு எப்போதும் நமக்கு நஷ்டம். ஸ்வீடனில் எல்லாரும் பயன்படுத்தும் ஸ்விஷ் செயலிக்கு அந்நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும், ஒரு செமஸ்டர் மாணவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கார்டு எங்கும் செல்லும். நோட்டு வாங்காத கடைகள் ஏராளம், கட்டுக்கட்டாக மாற்றிப் போகாதீர்கள்.

கேள்வி: குக்கர் எடுத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. மின்சார ரைஸ் குக்கர் என்றாலும் மின்னழுத்தம் அங்கேயும் 230 வோல்ட்தான், மாற்றி வேண்டாம். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, எர்த் இணைப்புள்ள அடாப்டர் ஒன்று வாங்குங்கள். அடுப்பில் வைக்கும் குக்கர் என்றால் அடிப்பகுதி இண்டக்ஷனுக்கு ஏற்றதா என்று பாருங்கள். காஸ்கெட் ஒன்று கூடுதலாகப் போட்டு அனுப்புங்கள்.