டிரைவும் டெரைவும்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கிறேன். இயற்பியல் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'சமன்பாட்டைத் தருவி' என்று வருகிறது. ஆங்கில வழியில் படிக்கும் தோழி அதை டெரைவ் என்கிறாள். வண்டி ஓட்டுகிற டிரைவுக்கும் இதற்கும் உறவு உண்டா? மனப்பாடம் செய்தும் பரீட்சையில் நடுவில் ஒரு வரி விட்டுப்போகிறது.

ஒரு மாணவி, மன்னார்குடி

அன்புள்ள மாணவிக்கு,

உறவில்லை. டிரைவ் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல், ஓட்டுவது, விரட்டுவது. டெரைவ் லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் ரிவுஸ் என்றால் ஓடை. டெரிவாரே என்றால் ஓடுகிற தண்ணீரை அதிலிருந்து பிரித்து வாய்க்காலில் திருப்பிவிடுவது. உங்கள் ஊர்ப் பக்கத்து வேலைதான்! நீடாமங்கலம் பக்கம் தண்ணீரைப் பிரித்துவிடும் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. மன்னார்குடிக்கு வரும் பாமணித் தண்ணீர் அங்கே டெரைவ் ஆனதுதான்.

அதனால்தான் இந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஃப்ரம் வரும். கெட் என்றால் சும்மா 'பெற்றேன்' என்று நிறுத்திக்கொள்ளலாம். டெரைவ் என்றால் எங்கிருந்து என்ற கேள்வி கூடவே நிற்கும். தலைப்பு இல்லாமல் வாய்க்கால் ஏது? நம் 'தருவி'யும் நல்ல சொல். தருவித்தல் என்றால் வரவழைத்தல். அதிலும் 'எங்கிருந்து' ஒளிந்திருக்கிறது.

போட்டியாளரைக் குறிக்கும் ரைவல் என்ற சொல்லுக்கும் இதே ரிவுஸ்தான் வேர். ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் பக்கத்து நிலத்துக்காரர் லத்தீனில் ரிவாலிஸ். முறைத்தண்ணீர் விடும் நாட்களில் மடையில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆனால் ரிவர் இந்தக் குடும்பம் இல்லை. அது கரையைக் குறிக்கும் ரிபா என்ற வேறு சொல்லின் வழி வந்தது.

சரி, விட்டுப்போகிற வரிக்கு வருவோம். சின்ன வயதில் அப்பாவோடு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போவேன். ஒருநாள் மேல்வயல் நிரம்பியும் கீழ்வயல் விடிகிற வரை நனையவே இல்லை. அப்பா அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு, வரப்போரமாகக் குனிந்து தண்ணீருக்குள் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. நண்டு வளை. தண்ணீர் அந்தப் பக்கத்து வடிகாலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. களிமண்ணை உருட்டி முழங்கை வரை உள்ளே விட்டு அடைத்தார். கொஞ்ச நேரத்தில் கீழ்வயலில் சலசலப்புக் கேட்டது.

சமன்பாடும் வரியிலிருந்து வரிக்குப் பாய வேண்டியது. விட்டுப்போகிற வரியை இன்னொரு முறை உருப்போடாதீர்கள், அதற்கு மேல் வரியில் கை வையுங்கள். அங்கே எதைப் பிரதியிட்டார்கள், எதை அடித்தார்கள், இரண்டு பக்கமும் எதால் பெருக்கினார்கள் என்று தடவிப் பாருங்கள். அப்போதும் அகப்படவில்லை என்றால் அந்த இரண்டு வரிகளையும் எழுதி அனுப்புங்கள்.