தினமும் வாரியும் சடை பிடிப்பது ஏன்?

வாசகர் கேள்வி பதில்: நாய்க்கு வீட்டிலேயே முடி பராமரிப்பு

கேள்வி: அக்கா, எங்கள் ஷிட்சுவுக்கு மூன்று வயது. இணையத்தில் 12 சாமான்கள் உள்ள ஒரு செட் வாங்கி, தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாரிவிடுகிறேன். மேலே பார்த்தால் பட்டு மாதிரி இருக்கும். ஆனால் போன வாரம் குரூமிங் கடையில் விட்டபோது, உள்ளே முழுக்கச் சடை, வேறு வழியில்லை என்று மொட்டையடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லாரும் என்னைத்தான் சொல்கிறார்கள். நான் எங்கே தவறினேன்? என்ன வாங்கவேண்டும்?
– வாசகி, ஈசூன்

பதில்: தினமும் உட்கார்ந்து வாரிய உங்களை யாரும் குறை சொல்லக்கூடாது, தங்கச்சி. உங்களிடம் இருந்த பிரஷ் அந்த முடிக்கு உரியதல்ல, அவ்வளவுதான். ஷிட்சுவின் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். உதிர்கிற முடியும் தரையில் விழாமல் பக்கத்து முடியிலேயே மாட்டிக்கொள்ளும், அந்தச் சிக்கு தோலை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். இந்த மாதிரி செட்களில் பெரும்பாலும் வருவது ‘பின் பிரஷ்’, அதாவது ஊசி மாதிரிக் கம்பிகளின் நுனியில் உருண்டை வைத்த பிரஷ். அது மேல்முடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும், அடிக்கு இறங்காது. அதனால்தான் மேலே பட்டு, உள்ளே கம்பளி.

நீங்கள் இப்போது வாங்கவேண்டியது இரண்டே சாமான். ஒன்று ஸ்லிக்கர் பிரஷ். சதுரமான பட்டையில் மெல்லிய கம்பிகள் நெருக்கமாக, நுனி கொஞ்சம் வளைந்து நிற்கும். சின்ன நாய்க்குச் சின்னதாக, அழுத்தினால் பட்டை உள்வாங்கிக் கொடுக்கிறதாகப் பாருங்கள். கடையிலேயே உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் லேசாக இழுத்துப் பார்த்துவிடுங்கள், உங்களுக்குக் கீறினால் அதற்கும் கீறும். இன்னொன்று எஃகுச் சீப்பு, பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல், பல் நீளமாகத் தோல் வரை இறங்கவேண்டும். பிளாஸ்டிக் சீப்பு வேண்டாம், சிக்கில் பட்டதும் பல் வளைந்து தாண்டிப் போய்விடும், நமக்குச் சிக்கு இருப்பதே தெரியாது. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியம் இந்தச் சீப்புதான். பிரஷ் போட்டு முடித்த இடத்தில் வேரிலிருந்து நுனி வரை சீப்பு தடையில்லாமல் இறங்கினால்தான் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம்.

வாரும் முறையும் மாறவேண்டும். நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்து, பிள்ளைகளுக்குப் பின்னல் போடும்போது வகிடு எடுப்போமே, அதே மாதிரி தோல் தெரிய ஒரு வகிடு எடுங்கள். அந்த வகிட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் வாருங்கள், அப்புறம் கையிலிருந்து இன்னொரு வரிசை விட்டு அதையும் வாருங்கள், இப்படியே வயிற்றிலிருந்து முதுகு வரை. காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, ஹார்னஸ் வார் உரசும் நெஞ்சுப் பக்கம், இங்கெல்லாம் இரண்டு தடவை. தினம் ஐந்து நிமிடம் மேலோட்டமாக வாருவதைவிட, வாரத்துக்கு மூன்று நாள் இருபது நிமிடம் இப்படிச் செய்தால் போதும்.

சின்னச் சிக்கு வந்தால் அதன் அடியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோல் இழுபடாமல், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். வாரும் வேலை எப்போதும் குளிப்பாட்டுவதற்கு முன்னால். சிக்கோடு தண்ணீர் பட்டால் கம்பளி சுருங்குகிற மாதிரி இறுகிவிடும். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அந்தச் சடைக்குள் தண்ணீர் காயவே காயாது, அடியில் தோல் புண்ணாகிவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சடையைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். என் முதல் நாய்க்குக் காதுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவு ஒரு சடை. முடிதானே என்று கத்தரிக்கோலை நுழைத்து ஒரு வெட்டு வெட்டினேன். சடை இறுகும்போது தோலையும் உள்ளே இழுத்து வைத்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அது கத்தவில்லை, விருட்டென்று தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது. விரல் நகம் அளவுக்குத் தோல் பிளந்திருந்தது, மூன்று தையல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மனதை விட்டுப் போகவில்லை. பிரிக்க முடியாத சடையை மின்சாரக் கிளிப்பரால் மட்டும் எடுக்கவேண்டும். அதற்கு 10ஆம் எண் பிளேடு, சுமார் 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டும், வயிறு, பின்பக்கச் சுத்தத்துக்கும் அதுவே போதும். உடம்புக்கு 7எஃப் என்ற பிளேடு போட்டால் 3 மில்லிமீட்டர் நிற்கும். எஃப் இல்லாத வெறும் 7, 5, 4 பிளேடுகளில் பல் அகலமாக, ஒன்று விட்டு ஒன்று குட்டையாக இருக்கும், தோல் மடிப்பு அதில் மாட்டும், புதிதாகச் செய்கிறவர்கள் தொடவேண்டாம். சில நிமிடத்துக்கு ஒரு தடவை பிளேடை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சூடேறியிருந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

கேள்வி: மகன் வளர்க்கும் பொமரேனியன் பகலில் என் பொறுப்பில்தான் இருக்கிறது. இந்த வெயிலுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்குகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. வீட்டிலேயே ஒட்ட வெட்டிவிட எந்தக் கிளிப்பர் நல்லது?
– வாசகர், தோ பாயோ

பதில்: ஐயா, அதற்குக் கிளிப்பர் வாங்கவே வேண்டாம். பொமரேனியனுக்கு இரண்டு அடுக்கு முடி, மேலே விறைப்பான நீள முடி, அடியில் பஞ்சு மாதிரி மென்முடி. ஒட்ட வெட்டினால் மேல்முடி மறுபடி ஒழுங்காக வராமல் போகலாம், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் திட்டுத் திட்டாக வழுக்கையாகவே நின்றுவிடுகிறது. நமக்கு உடம்பெல்லாம் வியர்ப்பது போல் நாய்க்கு வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகவே மொட்டையடித்தால் குளிர்ச்சி வந்துவிடாது, வெயில் நேராகத் தோலில் அடிப்பதுதான் மிச்சம்.

அதற்கு வேண்டியது அடிமுடியை எடுக்கும் ரேக், தோட்டத்தில் சருகு வாரும் கருவியின் குட்டி வடிவம் மாதிரி, பல் நுனி மழுங்கலாக இருக்கும். வாரம் இரண்டு தடவை முடி போகிற போக்கில் மெதுவாக இழுத்தால் செத்த மென்முடி கை கையாக வரும், இடையில் காற்றுப் புகும். பிளேடு வைத்த முடி உதிர்ப்பான் என்று விற்கிறார்கள், அடிக்கடி போட்டால் நல்ல மேல்முடியையும் அறுத்துவிடும், தவிர்த்துவிடுங்கள். நடைக்குக் காலை 8 மணிக்குள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. காற்றாடிக்குக் கீழே சும்மா படுத்திருக்கும்போதும் இரைக்கிறது, வாத்து கத்துகிற மாதிரி இருமுகிறது என்றால் அது முடி விஷயமே இல்லை. இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் கோளாறு வருவதுண்டு, தள்ளிப்போடாமல் விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பூடிலுக்கு நகமெல்லாம் கறுப்பு. போன தடவை வெட்டியபோது ரத்தம் வந்துவிட்டது, இப்போது நகவெட்டியைப் பார்த்தாலே ஓடுகிறது. எந்த நகவெட்டி பாதுகாப்பு?
– வாசகி, சுவா சூ காங்

பதில்: கத்தரிக்கோல் வடிவத்தில் இருப்பதை வாங்குங்கள். வளையத்துக்குள் நகத்தை நுழைத்து வெட்டுவது பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் நகத்தை நசுக்கும். நாம் பயன்படுத்தும் நகவெட்டியும் அப்படித்தான். கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தநாளம் வெளியே தெரியாது, அதனால் ஒரே வெட்டாக வெட்டாமல் தோல் சீவுகிற மாதிரி மெல்லிசாகச் சீவிக்கொண்டே வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் காய்ந்து வெளுப்பாக இருக்கும், நடுவில் ஈரமாக ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடவேண்டும். ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர் பக்கத்திலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் சோள மாவை நகத்தில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இப்போது பயந்துபோயிருக்கிறது அல்லவா, ஒரு வாரம் வெட்டவே வேண்டாம். நகவெட்டியைக் காட்டி ஒரு தீனி, பாதத்தைத் தொட்டு ஒரு தீனி, அப்புறம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகம். மணிக்கட்டுப் பக்கம் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் நகத்தை மறந்துவிடாதீர்கள். அது தரையில் தேயாது, வளைந்து சதைக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: சிங்கப்பூர் ஸ்பெஷல் (உள்ளூர்க் கலப்பின நாய்) ஒன்றைத் தத்தெடுத்து வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். குட்டை முடிதானே, ஏதாவது வாங்கவேண்டுமா?
– வாசகர், பொங்கோல்

பதில்: நல்ல காரியம் செய்தீர்கள். குட்டை முடிக்கு ரப்பர் பிரஷ் ஒன்று போதும், வட்ட வட்டமாகத் தேய்த்தால் சோபாவில் ஒட்டும் முடியெல்லாம் கையிலேயே வந்துவிடும், நாயும் சொக்கிப்போய் நிற்கும். அதோடு உண்ணிக்கு ஒரு நல்ல இடுக்கி. புல்லில் நடந்துவிட்டு வந்தால் காது மடல், விரல் இடுக்கு இரண்டையும் பாருங்கள், இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது எதுவும் கூடாது.

கேள்வி: நாங்கள் போடும் ஷாம்பு, இல்லை சீயக்காய், நாய்க்கும் போடலாமா?
– வாசகி, செம்பவாங்

பதில்: இரண்டும் வேண்டாம். நம் தோல் அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் அந்த அளவுக்கு இல்லை. நம் ஷாம்பு அதைக் காயவைத்து அரிப்பு கொடுக்கும், சீயக்காய்த்தூள் கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று உங்களுக்கே தெரியும். வாசனையில்லாத நாய் ஷாம்பு வாங்குங்கள், டீ ட்ரீ எண்ணெய் கலந்தது மட்டும் வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு. குளியலறைத் தரையில் வழுக்காத பாய் போட்டுக்கொள்ளுங்கள், கால் வழுக்கினால்தான் பாதி நாய்கள் குளிக்கப் பயப்படுகின்றன. துவட்டிய பிறகு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், உங்கள் கை நடுவில் இருக்கும்படி வைத்து, அடிமுடி வரை காயவிடுங்கள். காதுக்குள் பஞ்சுக்குச்சி விடாதீர்கள், காதுக்கான திரவத்தில் நனைத்த பஞ்சை விரலில் சுற்றி, விரல் போகிற தூரம் வரை துடைத்தால் போதும். காதில் புளித்த வாடை வந்தால் துடைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.