டொர்னாடோ என்னும் சுழல் சூறைக்காற்று அடித்துப் போன ஊரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன், அடித்து ஏழு வருடம் கழித்து. விச்சிட்டா நகரில் வேலையில் இருந்தபோது, 2014இல் ஒரு சனிக்கிழமை கிரீன்ஸ்பர்க் போயிருந்தேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள சின்ன ஊர்.

முதலில் கண்ணை உறுத்தியது மரங்கள். நூறு வருடம் தாண்டிய ஊரில், நான் நடந்த தெருக்களில் நிழலுக்கு ஒதுங்க ஒரு பெரிய மரம் இல்லை. எல்லாம் முட்டுக் கொடுத்து நிறுத்திய கன்றுகள்.

2007 மே 4, இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது வந்தது. அகலம் சுமார் 2.7 கிலோமீட்டர், ஊரே அதற்குள் அடங்கிவிட்டது. காற்றின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கட்டடம் போயிற்று. கான்கிரீட் தானியக் கோபுரம் மட்டும் அசையாமல் நின்றதாம். சுமார் 1,400 பேர் வாழ்ந்த ஊர் அது. இறந்தவர்களோ பன்னிரண்டு பேரைத் தாண்டவில்லை. இருபது நிமிடம் முன்பே சைரன் ஊதிவிட்டது, ஓடி இறங்க வீட்டுக்கு அடியில் நிலவறை இருந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வங்கதேசத்தின் சாட்டூரியாதான் நினைவுக்கு வரும். 1989 ஏப்ரல் 26, அங்கேயும் ஒரு டொர்னாடோ. மாதக்கணக்கில் மழைக்கு ஏங்கிக் கிடந்த விவசாயப் பகுதி. மேகம் திரண்டதும் மழை என்றுதானே நினைத்திருப்பார்கள்? சுமார் 1,300 பேர் போய்விட்டார்கள். சைரன் இல்லை, நிலவறை இல்லை, தகரமும் ஓலையும் வேய்ந்த வீடுகள். அந்த ஊர்ப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதுதான் மனதை அறுக்கிறது.

சரி, கிரீன்ஸ்பர்க்குக்கு வருகிறேன். சாப்பிடப் போன இடத்தில் ஒரு வயதான அம்மா பேச்சுக் கொடுத்தார். நிலவறையில் குந்தியிருந்தபோது இரண்டு காதும் அடைத்துக்கொண்டதாம். சத்தம் ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தால் மேலே வீடு இல்லை. பக்கத்து அலமாரியில் அவர் போட்டு வைத்திருந்த ஊறுகாய் பாட்டில்களில் ஒன்றுகூட உடையவில்லை. அப்புறம் இருட்டில், ஆணியும் கண்ணாடியும் கிடந்த தெருவில், வெறுங்காலோடு நடந்திருக்கிறார். கட்டிய புது வீட்டிலும் நிலவறை உண்டு. அதன் கடைசிப் படியில் ஒரு ஜோடி பழைய ஷூ எப்போதும் இருக்கும் என்றார்.